ராஜ்மா வேகாத இடம்

கோடை விடுமுறை வந்தால் தில்லி, சண்டீகர், நொய்டா குடும்பங்கள் மலை ஏறுவது புதிதல்ல. புதிதாகச் சேர்ந்திருப்பது கூடாரம். ஹோட்டல் வாடகையை நம்பாமல், நான்கைந்து பேர் படுக்கக்கூடிய நைலான் கூடாரத்தைக் காரின் தலையில் கட்டிக்கொண்டு மணாலி, ஸ்பிதி, லடாக் என்று கிளம்பிவிடுகிறார்கள். கூடாரம் எந்தக் கம்பெனி, படுக்கைப் பை எவ்வளவு குளிர் தாங்கும் என்பது பற்றி வாரக்கணக்கில் விவாதம் நடக்கும். சாப்பாட்டைப் பற்றிய விவாதமோ கிளம்புவதற்கு முதல் நாள் இரவு, மளிகைக் கடை ஷட்டரை இறக்கும் நேரத்தில்தான் நடக்கும். அவசரத்தில் வாங்கும் சாமான்களில் ஒரு கிலோ ராஜ்மா தவறாமல் இருக்கும். நட்சத்திரங்களுக்குக் கீழே, குளிரில், சுடச்சுட ராஜ்மா சாவல். வட இந்தியக் குடும்பத்துக்கு இதைவிடச் சொர்க்கம் வேறென்ன?

சொர்க்கத்துக்குப் போவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே ராஜ்மா வேகாது.

ஹிமாசலப் பிரதேசத்தின் சந்திரதால் ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதி கிடையாது. சற்றுத் தள்ளித்தான் போடவேண்டும். அங்கே அடுப்பில் வைத்த தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், ஆவி பறக்கும். ஆனால் ராஜ்மா கல்லாகவே கிடக்கும். ஒரு மணி நேரம் ஆகும், இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போயிருப்பார்கள், காஸும் தீர்ந்திருக்கும். பழி பெரும்பாலும் கடைக்காரர் மீது விழும்: பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான்!

கடைக்காரர் நிரபராதி. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி செல்சியஸ் என்று கணக்கு. தில்லியில் 99 டிகிரிக்கு மேல் கொதிக்கும் தண்ணீர் மணாலியில் 93 டிகிரியில், லேயில் 88 டிகிரியில், சந்திரதாலில் 86 டிகிரியில் கொதிக்கிறது. கொதிக்க ஆரம்பித்த பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. தண்ணீர்தான் வற்றும். கிழங்கு, பருப்பு வகைகளின் உட்புறத்தைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் நன்றாக இளகுவதற்குச் சுமார் 85 டிகிரிக்கு மேல் வேண்டும். சந்திரதாலில் தண்ணீர் அந்த எல்லையிலேயே நின்றுவிடுகிறது.

இந்த ஏமாற்றம் பெரிய மனிதர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 1835 மார்ச்சில் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது, இரவு முழுதும் நெருப்பின் மேல் இருந்த உருளைக்கிழங்கு காலையிலும் வேகவில்லை. கூட வந்தவர்கள் கூடிப் பேசி, குற்றம் புதிதாக வாங்கிய பானையுடையது என்று தீர்ப்புச் சொன்னார்களாம். டார்வினுக்குக் காரணம் தெரிந்திருந்தது, கிழங்குதான் கிடைக்கவில்லை.

உருளைக்கிழங்கு வேகாவிட்டால் நஷ்டம் பசியோடு முடிந்துவிடும். ராஜ்மா விஷயம் அப்படியல்ல. பச்சை ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, 100 டிகிரியில் நன்றாகக் கொதிக்கவைத்தால் அது அழிந்துவிடும். 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் அரைகுறையாக வெந்த ராஜ்மாவில் நச்சுத்தன்மை பச்சைக் கொட்டையைவிட அதிகமாகவே இருக்கக்கூடும். சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். சமவெளியில் இது ஒரு நாள் அவதி. மருத்துவமனை பல மணி நேரப் பயணத் தூரத்தில் இருக்கும் இடத்தில், ஏற்கனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு வந்தால் நிலைமை வேறு. 'கொஞ்சம் கடிபடுது, பரவாயில்லை' என்று சாப்பிடக்கூடிய பண்டமல்ல அது.

பரிகாரம் எல்லா வீட்டிலும் இருக்கிறது: பிரஷர் குக்கர். மூடிய பாத்திரத்துக்குள் அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும் என்று கண்டு, 1679இல் இதன் மூதாதையைச் செய்து காட்டியவர் டெனி பாபான் என்ற பிரெஞ்சுக்காரர். நம் வீட்டுக் குக்கருக்குள் சமவெளியில் சுமார் 120 டிகிரி சூடு இருக்கும். சந்திரதாலில் அதே குக்கர், அதே வெயிட், 113 டிகிரி. ராஜ்மாவும் அதில் வேகும், நேரம்தான் கூடும். 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 5 சதவிகிதம் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. வீட்டில் 10 நிமிடத்தில் வேகும் பருப்புக்கு அங்கே 16 நிமிடம். ஆகவே சாமான் பட்டியலில் முதல் வரி குக்கர். இரண்டாவது வரி ஒரு உபரி காஸ்கெட். மலைமேல் காஸ்கெட் கிழிந்தால் குக்கர் வெறும் குண்டான்.

ஆனால் குக்கரை நினைத்து நிம்மதியடைவதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. மலையிலேயே பிறந்து, மலையிலேயே மந்தை மேய்த்து, நாட்கணக்கில் நடந்து திரிந்தவர்கள் குக்கர் இல்லாத காலத்தில் என்ன சாப்பிட்டார்கள்?

அவர்கள் வேகவைக்கவே இல்லை. வறுத்தார்கள். லடாக்கிலும் திபெத்திலும் பார்லியைச் சூடான மணலில் வறுத்து, அரைத்து மாவாக்கி வைத்துக்கொள்வார்கள். திபெத்திய மொழியில் அதன் பெயர் நம் காதுக்கு 'சம்பா' என்று விழும். தஞ்சாவூர் நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வறுத்த மாவு ஏற்கனவே வெந்த மாவு. வழியில் செய்ய வேண்டியது, உப்பும் வெண்ணெயும் சேர்ந்த தேநீரை ஊற்றிப் பிசைந்து உருட்டுவதுதான். 86 டிகிரி தண்ணீர் அதற்குத் தாராளம். பீகார்காரரின் சத்துமாவும் இதே தந்திரம்தான்; பார்லிக்குப் பதில் வறுத்த கடலை. தண்ணீர், உப்பு, வெங்காயம், பச்சைமிளகாய், எலுமிச்சை இருந்தால் அடுப்பே வேண்டாம். குஜராத்தி மூட்டையைப் பிரித்தால் தேப்லாவும் காக்ராவும் வரும். வங்காளி பொரியும் அவலும் வைத்திருப்பார். நம்மவர் மூட்டையில் புளிக்காய்ச்சலும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். பாஷைகள் வேறு, பாடம் ஒன்று: கஷ்டமான சமையலை வீட்டிலேயே முடித்துவிடு; வழியில் செய்ய வேண்டியது கலப்பதும் சூடாக்குவதும் மட்டும்.

'கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?' என்ற பழமொழி ஈரச்சோற்றுக்குப் பொருந்தும். ஈரமில்லாத சரக்கு பல நாள் தாங்கும். ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, மிளகாய் தாளித்துக் கொட்டி, ஆறவைத்து டப்பாவில் அடைத்தால் அது உப்புமாவின் முக்கால் பங்கு. மலையில் ஒரு பங்கு ரவைக்கு இரண்டரைப் பங்கு கொதிநீர் போதும். பொடிக் குருணையாக இருப்பதாலும், மாவுச்சத்து 60, 70 டிகிரியிலேயே இளகத் தொடங்குவதாலும் ரவை மலையிலும் வெந்துவிடும். வறுத்த சேமியாவும் அப்படியே. அவலுக்கு அதுவும் தேவையில்லை, நனைத்தால் போதும். முட்டையும் மலைக்குத் தோழன். வெள்ளைக்கரு, மஞ்சள்கரு இரண்டுமே 80 டிகிரிக்குள் இறுகிவிடும். சில நிமிடம் கூடுதலாக வைத்தால் சரி.

இரவுச் சாப்பாட்டுக்குச் சூடாக ஏதாவது வேண்டும்தான். 5 பேருக்கு 2 டம்ளர் அரிசி, முக்கால் டம்ளர் வறுத்த பாசிப்பருப்பு, 8 டம்ளர் தண்ணீர், உப்பு, மஞ்சள், வீட்டிலிருந்து கொண்டுவந்த மிளகு சீரகப் பொடி. 5 லிட்டர் குக்கரில் இது பாதிக்குக் கீழே நிற்கும். பருப்பு நுரைத்து வெயிட்டை அடைக்காமல் இருக்க அப்படித்தான் நிற்க வேண்டும். அரிசியையும் பருப்பையும் அரை மணி ஊறவைத்தால் காஸ் மிச்சம். மேலே நெய், பக்கத்தில் ஊறுகாய், அப்பளத்துக்குப் பதில் காக்ரா. வடக்கே கிச்சடி, தெற்கே பொங்கல். குழந்தைக்கும் பாட்டிக்கும் ஒரே பாத்திரம். கழுவ வேண்டியதும் ஒரே பாத்திரம்.

சாயங்கால நொறுக்குத்தீனி என்றதும் எண்ணெய்ச் சட்டி நினைவுக்கு வரும். மழைத் தூறலில் பகோடா பொரித்துச் சாப்பிடும் ஆசை இயற்கையானது. ஆனால் சாய்ந்த தரையில், ஆடும் ஸ்டவ் மீது, கொதிக்கும் எண்ணெய். சுற்றி ஓடிப்பிடித்து விளையாடும் பிள்ளைகள். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தவிர, மாவிலிருக்கும் நீர் அங்கே சீக்கிரம் ஆவியாவதால் வெளியே சிவந்தும் உள்ளே மாவாகவும்தான் பகோடா வரும். முறுக்கு, தட்டை, கடலைமிட்டாய், நெய்யில் வறுத்த மக்கானா ஆகியவை வீட்டிலிருந்தே வரட்டும். பொரியில் வெங்காயம், தக்காளி, வேர்க்கடலை, எலுமிச்சை போட்டுக் கலக்கும் வேலையை 8 வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம். தான் செய்தது என்பதால் மிச்சம் வைக்காது.

அடுப்பைக் குறைக்கச் சொல்வதற்கு ருசியும் சௌகரியமும் மட்டும் காரணமல்ல. வழியில் மூட்டும் நெருப்பு, வீட்டு நெருப்பைப் போல அடங்கிக் கிடப்பதில்லை.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. லக்னோவிலிருந்து கோயில் தரிசனத்துக்கு வந்தவர்களின் தனிப் பெட்டி அது. உள்ளே தடையை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரில் தேநீர் போட முயன்றதே காரணம் என்று ரயில்வே தெரிவித்தது. 9 பேர் இறந்தார்கள். காஸ், மண்ணெண்ணெய் போன்றவற்றை ரயிலில் கொண்டுபோவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை பெறத்தக்க குற்றம். 'சின்ன சிலிண்டர்தானே, யார் பார்க்கப்போகிறார்கள்' என்று துணி மூட்டைக்குள் சுருட்டி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விமானத்திலும் முகாம் ஸ்டவ்வின் காஸ் குப்பிகளுக்கு அனுமதி இல்லை, கைப்பையிலும் சரி, பெரிய பெட்டியிலும் சரி.

ஸ்டவ்வை எடுத்துக்கொண்டு போகலாம். எரிபொருளை அங்கே போய் வாங்குவதுதான் முறை. 5 கிலோ சிலிண்டரை இணைப்பு இல்லாமலே வாங்கும் வசதி 2013இல் வந்தது. இண்டேன் நிறுவனம் 2020இல் அதற்குச் 'சோட்டு' என்று செல்லப் பெயரே வைத்தது. கையடக்கக் குப்பிகளில் ஒரு சங்கதி கவனிக்க வேண்டும். வெறும் பூட்டேன் நிரம்பிய குப்பி உறைநிலைக் குளிரில் வேலை செய்யாது; பூட்டேன் ஆவியாவதே பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான். புரொப்பேன் கலந்த குப்பி குளிரைத் தாங்கும். எரியாத குப்பியை நெருப்பில் காட்டிச் சூடாக்கும் அதிமேதாவிகளிடமிருந்து ஸ்டவ்வைப் பிடுங்கிவிடுவது உத்தமம்.

இனி முக்கியமான விஷயம். மலையில் சூரியன் இறங்கியதும் குளிர் எலும்புக்குள் இறங்கும். வெளியே காற்று ஸ்டவ்வை அணைத்துக்கொண்டே இருக்கும். அப்போது எல்லோருக்கும் ஒரே யோசனை தோன்றும்: ஸ்டவ்வைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்தால் என்ன? சமையலும் ஆகும், குளிரும் போகும். அல்லது கணப்புக் கரி கனிந்துவிட்டது, புகையே இல்லை, தூங்கும்வரை உள்ளே இருக்கட்டும்.

புகை இல்லை என்பதுதான் அபாயம். மூடிய இடத்தில் காற்றுப் போதாமல் எரியும் எதுவும் கார்பன் மோனாக்சைடை வெளிவிடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். உயரமான இடத்தில் முதல் நாள் பலருக்கும் வரும் மலைநோயின் அறிகுறிகளும் இவையே. அதனால் 'உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, படுத்தால் சரியாகிவிடும்' என்று படுத்துக்கொள்கிறார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் டாமன் என்ற மலையூரில், கேரளத்திலிருந்து சென்ற இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த 8 பேர், காஸ் ஹீட்டர் எரிந்த ஒரே விடுதி அறையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அவர்களில் 4 பேர் குழந்தைகள். அறையே இப்படியென்றால், ஜிப்பை இழுத்து மூடிய நைலான் கூடாரம் எம்மாத்திரம்? அது தீப்பிடித்தால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பது தனிக் கதை.

எனவே விதி ஒன்றே: கூடாரத்துக்குள் எரியும் பொருள் டார்ச் விளக்கைத் தவிர வேறெதுவும் கூடாது. காற்றுக்குத் தகரத் தடுப்பு வைத்து வெளியே சமைக்க வேண்டும். அது முடியாத அளவுக்குக் காற்றோ மழையோ இருந்தால் அன்றைக்குச் சத்துமாவும் தேப்லாவும்தான் இரவுச் சாப்பாடு. வீட்டில் செய்து எடுத்துவந்த மூட்டை அந்த ஓர் இரவுக்காகவே வேண்டும். குளிருக்கு வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டால் போதும்.

குடிநீருக்கும் இந்த மலைக்கணக்கு உண்டு. ஓடை பளிங்கு போல இருந்தாலும் மேலே ஆட்டு மந்தை இருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம் போதும் என்பது சமவெளிக்கு. 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க வேண்டும். பாத்திரத்தை ஓடைக்குள் கழுவாமல், தண்ணீரை எடுத்துவந்து தள்ளிக் கழுவுவது கீழே குடிப்பவர்களுக்குச் செய்யும் மரியாதை. சருகு கிடக்கும் காட்டில் விறகு அடுப்பு வேண்டவே வேண்டாம். காப்புக் காட்டில் நெருப்பு மூட்டுவது 1927ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். உத்தராகண்டின் புக்யால் என்னும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதையே அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தடை செய்தது. வந்தவர்கள் விட்டுச்சென்ற குப்பையும் அதற்கு ஒரு காரணம். காலி உறைகள் எந்தப் பையில் மேலே போயினவோ, அதே பையில் கீழே வரவேண்டும்.

கடைசியாக, எந்தச் சாமான் பட்டியலிலும் இல்லாத ஒன்று. குடும்பம் முகாமுக்குப் போகும்போது அப்பா கூடாரம் அடிப்பார், பிள்ளைகள் கல் பொறுக்குவார்கள், தாத்தா வானத்தைப் பார்ப்பார். அம்மா? வீட்டில் நின்றுகொண்டு செய்த வேலையை அங்கே குத்துக்காலிட்டு, குளிர்ந்த தண்ணீரில் கை விறைத்துச் செய்துகொண்டிருப்பார். விடுமுறை என்ற பெயரில் அவருக்குக் கிடைப்பது இன்னும் மோசமான சமையலறை. மூன்று வேளையும் விதவிதமாக வேண்டும் என்ற ஆசையின் முழுச் செலவையும் அவரே கட்டுகிறார். ரவை வறுப்பதையும் தேப்லா இடுவதையும் கிளம்புவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகச் சேர்ந்து வீட்டிலேயே முடித்தால், மேலே போய் வெந்நீர் வைக்க வேண்டியதுதான் பாக்கி. வெந்நீர் வைக்க அப்பாவுக்கும் தெரியும். தெரியாவிட்டால் கற்றுக்கொள்ள மலையைவிட நல்ல இடம் கிடையாது.

படுப்பதற்கு முன் அவர் பார்க்க வேண்டியவை மூன்று: ஸ்டவ் வெளியே இருக்கிறதா, சிலிண்டர் வால்வு மூடியிருக்கிறதா, கூடாரத்தின் காற்றுவழி திறந்திருக்கிறதா. மூன்றும் சரியாக இருந்தால் போதும். மறுநாள் காலை எழுந்து, உப்புமாவில் உப்பில்லை என்று எல்லோருமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம்.